அண்டிரிக் அடிகளாரும் நான் கற்ற அச்சுத்தொழிலும்

அச்சகத்தில் புதிதாகச் சேரும் பையனுக்கு எடுத்த எடுப்பிலேயே எழுத்துக் கோக்கச் சொல்லித்தர மாட்டார்கள். அச்சடித்து முடிந்த பக்கத்தைக் கட்டவிழ்த்து அவன் முன்னால் வைத்து, பிரித்துப் போடு என்பார்கள். மண்ணெண்ணெய் விட்டு மை போகத் துடைத்த ஈய எழுத்துகளை வரிவரியாக இடக்கையில் ஏந்தி, ஒவ்வொன்றையும் கேஸ் என்ற எழுத்துத் தட்டில் அதனதன் அறைக்குள் திரும்பப் போட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எடுபிடி வேலைபோலத் தெரியும். அந்த வேலையில்தான் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது விரலுக்குப் பழகும். அது பழகாதவன் எவ்வளவு தமிழ் படித்திருந்தாலும் ஒரு வரி கோக்க அரை நாள் ஆகும்.

தூத்துக்குடியில் நான் சேர்ந்த அச்சகம் சின்னது. ஒரு ட்ரெடில் அச்சு இயந்திரம், ஒரு கட்டிங் மிஷின், சுவரை ஒட்டிச் சாய்த்து நிறுத்திய கேஸ்கள், அவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கம் அது. பிளஸ் டூ முடித்து, அப்பாவோடு கடலுக்குப் போக மனமில்லாமல் வந்தவன் நான். என்னைப் பழக்கியவர் ஃபோர்மேன் அண்ணாச்சி. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளியும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"எழுத்தப் பாக்காதல, அறையப் பாரு. அறை மனசுல நின்னுட்டுன்னா எழுத்து தானா கைக்கு வரும்" என்பார்.

தமிழ்க் கேஸ் பெரியது. ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி என்று இரண்டு கேஸில் அடங்கிவிடும். தமிழில் க-வுக்கு ஓர் அறை என்றால் க், கி, கீ, கு, கூ ஒவ்வொன்றுக்கும் தனி அறை. கொம்பு, இரட்டைக்கொம்பு, கால், ஐகாரக் குறி எல்லாம் தனியே வார்த்திருக்கும். பதினெட்டு மெய்யையும் இப்படிப் பெருக்கி, ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகளையும் சேர்த்துப் பாருங்கள். நான் சேர்ந்த நேரத்தில் இன்னொரு பாரமும் இருந்தது. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டிருந்தது. ணா, றா, னா எழுத்துகளின் பழைய சுழி வடிவமும், ணை, லை, ளை, னை எழுத்துகளின் துதிக்கை வடிவமும் பள்ளிப் பாடநூலிலிருந்து போய்க்கொண்டிருந்தன. ஆனால் நவநாள் ஜெபப் புத்தகம் அடிக்க வருகிற பெரியவர்கள் பழைய எழுத்தையே கேட்டார்கள். அதனால் இரண்டு வகையும் கேஸில் கிடந்தன.

பிரித்துப் போடுவதில் கை தேறிய பிறகுதான் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார். எழுத்தின் உடம்பில் இருக்கும் நிக் என்ற வெட்டு மேல்பக்கம் பார்க்க வேண்டும். எழுத்து தலைகீழாகத் தெரியும், வரியோ இடமிருந்து வலமாக ஓடும். வாய் 'கொ' என்று சொல்லும்போது கை முதலில் கொம்பை எடுக்கும், பிறகு க, பிறகு கால். வரி முடிவில் மீந்த இடத்தைச் சொற்களுக்கு நடுவே ஸ்பேஸ் செருகி நிரப்ப வேண்டும். வரி தளர்ந்திருந்தால் ட்ரெடில் ஓடும்போது எழுத்து உருவிக்கொண்டு விழும். மிஞ்சி இறுகினால் அடுத்த வரியைக் கெடுக்கும். அண்ணாச்சி அதைக் கண்ணால் சோதிக்க மாட்டார். கட்டைவிரலை வரியின் ஓரத்தில் வைத்து மெல்லத் தள்ளிப் பார்ப்பார். அந்தக் கட்டைவிரல் 'சரி' என்று சொல்லும் வரை வரி வரியாகாது.

எங்களுக்குச் சோறு போட்டவை கோயில் வேலைகள். ஜூலை 26-இல் பனிமய மாதாவுக்குக் கொடியேறும், ஆகஸ்ட் 5-இல் திருவிழா. அதற்கு முந்திய மாதம் முழுவதும் நோட்டீஸ், அழைப்பிதழ், நவநாள் புத்தகம் என்று ட்ரெடில் நிற்காது. திருவிழா முடிந்து வேலை ஓய்ந்த ஒரு நாளில் கடற்கரைப் பங்கு ஒன்றின் சாமியார் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். அண்டிரிக் அடிகளாரின் வாழ்க்கை பற்றிய சிறு நூல். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக எழுதியது. "சாமி கையெழுத்து முத்து முத்தா இருக்கு. நீயே முழுசாக் கோத்துப் பழகு" என்று அண்ணாச்சி அதை என்னிடம் தந்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நானே கோத்த முதல் நூல் அது.

அச்சுக்கோப்பவன் ஒரு நூலைப் படிக்கிற விதம் வேறு. கண் ஒரு வாக்கியத்தைத் தாண்டி ஓடுவதற்கு வழியில்லை. ஒவ்வொரு எழுத்தையும் கை தொட்டு எடுத்து வைக்கிறது. ஒரு பெயரை ஐந்து முறை கோத்தால் அந்த ஆள் பழக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார். அப்படித்தான் அண்டிரிக் அடிகள் எனக்குப் பழக்கமானார். பின்னால் நான் தேடிப் படித்ததெல்லாம் அந்தச் சிறு நூலிலிருந்து கிளைத்ததுதான்.

அவருடைய இயற்பெயர் என்றீக்கே என்றீக்கஸ். 1520-இல் போர்த்துகலில் வில்லா விசோசா என்ற ஊரில் பிறந்தார். யூத வழிவந்த குடும்பம். அந்தப் பிறப்பைக் காரணம் காட்டி பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியது. புதிதாகத் தொடங்கியிருந்த இயேசு சபை 1545-இல் கொயிம்பிராவில் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே கப்பலேறி கோவா வந்து, 1547-இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். புன்னைக்காயல், வேம்பாறு, மணப்பாடு, வேதாளை என்று அந்த நூலில் நான் கோத்த ஊர்ப்பெயர்கள் எல்லாம் என் சொந்தபந்தங்கள் இருக்கிற ஊர்கள். சொந்த நாட்டில் பிறப்பின் பேரால் கதவடைக்கப்பட்ட ஒருவர் இந்தக் கரையில் வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து இங்கேயே கண் மூடியிருக்கிறார் என்பது என்னை முதலில் பிடித்து நிறுத்தியது.

அவர் வந்தபோது கரையின் நிலை என்ன? 1535-க்கும் 1537-க்கும் இடையில் இங்கே கடலில் பிழைத்த பரதவர்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பில் போட்டியும் மோதலும் முற்றியிருந்த காலம். போர்த்துகீசியரின் கடற்படைத் துணை அவர்களுக்குத் தேவைப்பட்டது. மதம் மாறினார்களே ஒழிய மதத்தைச் சொல்லித்தர ஆளில்லை. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். ஊர்க்காரர்கள் சிலரை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கச் சொல்லி, அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததை வாய் சொன்னது. அண்டிரிக் அடிகள் தமிழ் கற்றுக்கொண்டு அந்த ஜெபங்களைக் கேட்டபோது, அவற்றில் பிழைகள் மலிந்திருப்பதைக் கண்டு திருத்தினார். சவேரியாரின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். அவர் விட்டுப்போன வேலையை உட்கார்ந்து செம்மைப்படுத்தியவரை எங்கள் கரையிலேயே பலருக்குத் தெரியாது.

அவர் தமிழ் கற்ற கதையைக் கோத்த நாட்களில்தான் அண்ணாச்சி என்னை ஏன் முதலில் பிரித்துப் போட வைத்தார் என்பது எனக்குத் துலங்கியது. அண்டிரிக் அடிகளுக்கு அகராதி இல்லை, ஐரோப்பிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. துபாஷியை நம்பிப் பார்த்தார். தான் ஒன்று சொல்ல அவன் வேறொன்றைச் சொல்வது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு ஜனங்கள் பேசுவதைக் கேட்டு, வந்தேன், வருகிறேன், வருவேன் என்று வினைச்சொற்களைக் காலம் பார்த்து, இடம் பார்த்துப் பிரித்தார். லத்தீன் இலக்கணம் அவருக்குத் தெரியும். அந்த இலக்கணத்தின் அறைகளில் தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் போட்டார் என்று நான் புரிந்துகொண்டேன். எங்கே அறை பொருந்தவில்லையோ அங்கே புதிய அறை போட வேண்டியிருந்தது. 1548-இல் வேம்பாற்றிலிருந்து ரோமில் இருந்த சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் தமிழைத் தான் கற்றுவரும் முறையைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். சில மாத உழைப்பில் துபாஷி இல்லாமல் பேச வந்துவிட்டது. அந்தக் குறிப்புகள்தான் தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய முதல் இலக்கணமாக வளர்ந்தன. அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் அச்சேறாமல் கிடந்து 1982-இல்தான் நூலாக வந்தது. பின்னால் ஜீன் ஹெய்னும் வி. எஸ். ராஜமும் சேர்ந்து அதை ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறார்கள்.

தன்னோடு இருந்த மற்றப் பாதிரிமாருக்கும் அவர் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். தங்களுக்குள் பேசும்போதும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் அதற்குத் தவமுயற்சி செய்ய வேண்டும். தொழில் கற்பவன் இதைச் சட்டென்று புரிந்துகொள்வான். கை ஓய்ந்த நேரத்தில் நான் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்தால் அண்ணாச்சி ஸ்டிக்கை நீட்டுவார். "சும்மா இருந்தா கை மறந்துரும். ஒம் பேரயாவது கோத்துக்கிட்டு இரு" என்பார்.

வெறும் மொழிப் பயிற்சியாக அவர் வாழ்க்கை ஓடிவிடவில்லை. அந்தக் கரை அன்றைக்கு ஓர் எல்லைப்புறம். கடலில் போர்த்துகீசியர். கரைக்கு உள்ளே திருவிதாங்கூர் மன்னர், பாண்டியர் வழியில் எஞ்சியிருந்தவர்கள், விஜயநகரத்தின் வடுகப் படை. யாருக்கும் முழு ஆட்சி கிடையாது, எல்லாருக்கும் வரி வேண்டும். முத்து விளைகிற கடல் என்பதால் எல்லாருடைய கண்ணும் இங்கேதான். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மீனும் முத்தும் எடுத்துப் பிழைத்த ஜனங்கள்.

1549-இல் வேதாளையில் நடந்ததைக் கோத்தபோது என் கை நின்று நின்று போனது நினைவிருக்கிறது. இராமேசுவரம் போகிற யாத்திரிகர்களின் வழியை மறித்து அகழி வெட்டிக் காசு பிடுங்கினார் அங்கிருந்த போர்த்துகீசியத் தலைவர். ஆத்திரம் கொண்ட வடுகப் படை திரண்டு வந்தது. தலைவரும் வீரர்களும் கப்பலுக்கு ஓடினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலேற்ற நின்ற அந்தோணியோ கிரிமினாலி என்ற இத்தாலியப் பாதிரியார் ஓடவில்லை. ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். இயேசு சபையில் இப்படிக் கொலையுண்ட முதல் ஆள் அவர்தான். காசு ஆசையால் தீ மூட்டியவன் தப்பினான், வெந்தவர் வேறு. கிரிமினாலி வகித்த தலைமை இடத்துக்கு, கரையில் இருந்த பாதிரிமார் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது அண்டிரிக் அடிகளை.

அதற்குப் பின் அவருக்கு நிம்மதி என்பது கொஞ்சம்தான். 1553-இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது பிடிபட்டுச் சிறையிருந்தார். 1560-இல் போர்த்துகீசியர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டி, புன்னைக்காயல் ஜனங்களில் பலரை அங்கே குடியேற்றினார்கள். அவரும் கூடப் போய் மன்னாரில் சில ஆண்டுகள் இருந்தார். உடம்பு எப்போதும் சுகமில்லை. புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை நடத்தினார். அதற்கும் ஊர் ஜனங்களே பணம் போட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மண்ணின் பழைய வழிபாடுகள் எல்லாம் பிழை என்றுதான் அவர் நம்பினார். அக்காலத்துப் பாதிரிமார் எவரும் வேறு மாதிரி நினைத்ததில்லை. அவர்கள் வந்த கப்பலிலேயே பீரங்கியும் வந்தது, வரி வாங்குகிறவனும் வந்தான். அதைத் தள்ளிவைத்துவிட்டு அவரைப் புகழ்வது நியாயமாகாது. ஆனால் பீரங்கியோடு வந்தவர்களில் பெரும்பாலோர் முத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். இவர் உட்கார்ந்து மொழியைக் கற்றார், கற்றதை அச்சில் கொடுத்தார். என் தொழிலின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இனி அச்சுக்கு வருகிறேன். 1556-இல் ஓர் அச்சு இயந்திரம் கோவாவில் வந்து இறங்கியது. அபிசீனியாவுக்குப் போக வேண்டியது, கோவாவிலேயே தங்கிவிட்டது. அதில் போர்த்துகீசிய மொழியிலும் லத்தீனிலும் நூல்கள் அச்சாயின. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1554-இலேயே, லிஸ்பனில் ஒரு தமிழ் ஜெபநூல் அச்சாகியிருந்தது, ஆனால் ரோமன் எழுத்தில். தமிழை அதன் சொந்த எழுத்தில் அச்சிட வேண்டுமானால் எழுத்து வார்த்தாக வேண்டும். அதற்கு ஆள் எங்கே?

ஜோவான் கொன்சால்வஸ் என்று ஒரு ஸ்பானியச் சகோதரர் இருந்தார். குருப்பட்டம் பெற்றவரல்ல, இரும்பு வேலை தெரிந்தவர். 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்துகளை அவர்தான் உருவாக்கினார். அவருக்குத் துணை நின்றவர் பேரோ லூயிஸ். கொல்லத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர். மறு ஆண்டு கொல்லத்தில் ஜோவான் த ஃபாரியா என்ற பாதிரியார் இன்னொரு முறை எழுத்து உருவாக்கினார். அந்த எழுத்தைக் கொண்டு 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானதுதான் 'தம்பிரான் வணக்கம்'. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்.

சாமியாரின் நூலில் இது ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. எனக்கோ அங்கேதான் கேள்விகள் தொடங்கின. நானும் தினம் தொடுகிற பொருள் அது. அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்து, பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த ஒரு நூலை எடுத்துக் காட்டினார். தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் 1960-களில் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்' மறுபதிப்பு. சே. இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்தது. அந்தக் கழகத்தை நிறுவிய தனிநாயகம் அடிகள்தான் ஐரோப்பிய நூலகங்களில் தேடி, இந்தப் பழைய நூல்களைத் தமிழுலகத்துக்கு அறிமுகம் செய்தவர்.

"இத வாசிக்கக் குடுக்கலல. எழுத்தப் பாரு" என்றார்.

பழைய பக்கங்களின் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது, மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாதது. ஓலையில் எழுதுகிறவர்கள் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை ஓட்டையாகும். ஓலை எழுத்தைப் பார்த்து வெட்டியதால் அச்சு எழுத்திலும் புள்ளி வரவில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுகிற வழக்கம் பின்னால் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் வந்தது, அவரும் இயேசு சபைக்காரரே. படிக்கிறவனுக்கு இது சிரமம். ஆனால் கேஸைப் பிரித்துப் பழகிய எனக்கு வேறொன்று தோன்றியது. புள்ளி இல்லையென்றால் பதினெட்டு அறை குறைகிறது. இரட்டைக்கொம்பும் வேண்டாம். புதிதாக எழுத்து வெட்டுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

எழுத்து வெட்டுவது என்றால் என்ன என்பதை அண்ணாச்சி சொல்லித்தான் அறிந்தேன். சின்ன வயதில் ஓர் எழுத்து ஃபவுண்டிரியில் அவர் இருந்திருக்கிறார். உருக்குத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அரத்தால் தேய்த்து, உளியால் உள்வெளியைக் குடைந்து எடுக்க வேண்டும். அதைச் சூடேற்றித் தோய்த்துக் கெட்டிப்படுத்தி, செம்புத் துண்டின் மேல் வைத்து ஒரே அடியாக அடித்தால் செம்பில் குழி விழும். அந்தச் செம்பை அச்சில் பொருத்தி உருகிய ஈயக் கலவையை ஊற்றினால் ஓர் எழுத்து வரும். ஐரோப்பாவில் அன்றைக்கு எழுத்து செய்த முறை இதுதான், அண்ணாச்சி காலம் வரை அடிப்படை மாறவில்லை. செதுக்குவதில் ஒரு மயிரிழை பிசகினால் அந்த எழுத்து வருகிற இடமெல்லாம் பிசகு தெரியும். எல்லா எழுத்தும் ஒரே உயரம் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால் மை படாது, உயர்ந்தால் தாளைக் கிழிக்கும்.

ரோமன் எழுத்தில் நேர்கோடு நிறைய. நம்முடைய எழுத்து ஓலையில் வளர்ந்தது. நீளவாக்கில் கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பதால் சுழியும் வளைவுமாக வளர்ந்தது. ண, ஞ, ஐ போன்றவற்றை உருக்கில் தலைமாற்றிக் குடைவதை நினைத்துப் பாருங்கள். அதுவும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத வேற்று நாட்டுக்காரர் ஒருவர் அதைச் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று, 'இந்தச் சுழி இன்னும் உள்ளே போக வேண்டும், இந்தக் கால் கொஞ்சம் நீள வேண்டும்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். பேரோ லூயிஸ் இல்லாமல் கொன்சால்வஸால் எதுவும் முடிந்திராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நூலின் கடைசிப் பக்கத்தை அண்ணாச்சி விரித்து வைத்து வெகுநேரம் காட்டினார். கோவாவில் 1577-இல் செய்த எழுத்துகளும் கொல்லத்தில் 1578-இல் செய்த எழுத்துகளும் அங்கே மாதிரிக்காக அச்சிடப்பட்டிருக்கின்றன. ஜெபநூலில் ஜெபத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு பக்கம். எங்கள் தொழிலில் இதை ஸ்பெசிமன் ஷீட் என்போம். ஃபவுண்டிரிக்காரர்கள் அனுப்புவார்கள். ஓர் ஆண்டு பாடுபட்டுச் செய்த எழுத்து மனதுக்கு நிறைவு தராமல், இன்னொரு ஊரில் இன்னொரு கை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் பக்கத்தில் வைத்துக் காட்டியும் இருக்கிறார்கள். செய்கிற வேலையில் அக்கறை உள்ளவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். "வேலக்காரன் கையெழுத்து இதுதாம்ல" என்றார் அண்ணாச்சி.

பதினாறு பக்கத்தோடு நின்றது பற்றியும் அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. எழுத்து போதாமை. ஒரு பக்கம் கோத்தாலே மகரமும் தகரமும் தீர்ந்துபோகும். எங்கள் அச்சகத்திலேயே நாலு பக்கம் கோத்து, அடித்து, பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்த நாலு பக்கத்துக்கு எழுத்துக் கிடைக்கும். புதிதாக வார்த்த கொஞ்ச எழுத்தை வைத்துக்கொண்டு கொல்லத்திலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நானும் நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு, 1579 நவம்பரில், கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. அது நூற்றிருபது பக்கம். 1580-இல் பாவசங்கீர்த்தன நூல். 1586-இல் புனிதர்களின் வரலாறு சொல்லும் பெருநூல், 'ஃப்ளோஸ் சங்க்தோரும்', அறுநூறு பக்கத்துக்கு மேல். எட்டே ஆண்டில் பதினாறிலிருந்து அறுநூறு! இவ்வளவுக்கும் தமிழ் தந்தவர் அண்டிரிக் அடிகள். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் தமிழில் புலவர் நடை கிடையாது. மீன் விற்கிற ஜனங்களும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் பேச்சு அதில் இருக்கிறது. இலக்கியக்காரர்கள் அதைக் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதுதான் பெருமையாகப் படுகிறது. தமிழ் எழுத்தில் உரைநடை நூல் என்று அச்சில் வந்த முதல் வரிகள் எங்கள் கரையின் பேச்சை ஒட்டி இருக்கின்றன.

அச்சுக்குப் பணம் யார் கொடுத்தது? முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மூச்சடக்கிக் கடலடிக்குப் போய் எடுத்த முத்தின் காசு அது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனாலும் புத்தகம் வேண்டும் என்று கொடுத்தார்கள். இந்த வரியைக் கோத்த அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "நம்ம ஆளுக குடுத்த துட்டாலயா?" என்று இரண்டு முறை கேட்டார். நான் அச்சகத்துக்குப் போவதைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு குறையும் சொன்னதில்லை.

1600-இல் அண்டிரிக் அடிகள் புன்னைக்காயலில் இறந்தார். அவரோடு அந்த அச்சுப் பணியும் தளர்ந்தது. தமிழ் எழுத்தில் அடுத்த பெரிய முயற்சி 1679-இல், கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ் போர்த்துகீசிய அகராதி. அதற்கு மரத்தில் எழுத்துச் செதுக்கியவர் இஞ்ஞாசி ஆச்சாமணி என்ற இந்நாட்டுக்காரர். பிறகு தரங்கம்பாடியில் லூத்தரன் மிஷனரிகள் ஜெர்மனியில் வார்த்த எழுத்தைக் கொண்டுவந்து 1713-இல் தமிழில் அச்சிடத் தொடங்கினார்கள். தமிழ் அச்சின் வரலாறு தரங்கம்பாடியில் தொடங்கியதாக மேடையில் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு நூற்று முப்பத்தைந்து ஆண்டு முன்னாலேயே கொல்லத்தில் ஈரம் காயாத தமிழ்ப் பக்கம் ஒன்று இருந்தது.

சாமியாரின் நூல் அச்சாகி, பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் தொடர்ந்து அங்கேயே வேலை பார்த்தேன். தொண்ணூறுகளில் ஆஃப்செட் வந்தது, கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கத் தொடங்கினார்கள். கேஸில் இருந்த எழுத்தெல்லாம் கிலோ கணக்கில் ஈயமாக எடைக்குப் போனது. அண்ணாச்சி அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. அவர் இப்போது இல்லை. அந்தக் கட்டைவிரல் கற்றுக்கொடுத்த இறுக்கத்தை, கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும்போதும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

'தம்பிரான் வணக்க'த்தின் மூலப் பிரதி இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பார்க்க நாம் அங்கே போக வேண்டும். ஆனால் அது உருவான தொழிலின் மிச்சம் இன்னும் நம்மூர்களில் ஆங்காங்கே கிடக்கிறது. உங்கள் தெருவில் மூடிக் கிடக்கும் அச்சகத்தில் ஈய எழுத்துக் கேஸ் ஒன்று எஞ்சியிருந்தால், அதை எடைக்குப் போட விடாதீர்கள். பக்கத்துப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கேட்டு வாங்கிக் கொடுங்கள். எழுத்துக் கோக்கத் தெரிந்த பெரியவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். பிள்ளைகள் ஒரு தடவையாவது தங்கள் பெயரைத் தமிழ் ஈய எழுத்தில் கோத்து, மை தடவித் தாளில் ஒற்றிப் பார்க்கட்டும்.